லைட்ஸ்... கேமரா... கீபோர்டு!

ஷார்ட் ஃபிலிம் ஆசை இல்லாத காலேஜ் கேங் உண்டா? ஆனால் படத்தை எடுத்து முடித்தவர்கள் கம்மி. 'கதை ரெடி மச்சி' என்று கேன்டீனில் டீ குடித்தவர்கள்தான் அதிகம். என்ன பண்றது பாஸ்? கேமரா வாடகை ஒரு பக்கம். பீச்சில் ட்ரைபாடை விரித்த அடுத்த நிமிஷம் 'பர்மிஷன் இருக்கா?' என்று கேட்கும் குரல் ஒரு பக்கம். ஷூட்டிங் அன்னிக்குன்னு பார்த்து ஹீரோவுக்கு அரியர் எக்ஸாம், ஹீரோயினுக்கு சித்தி வீட்டுக் கல்யாணம்.

இந்தத் தொல்லைகளில் பாதி இல்லாத ஒரு ஊர் இருக்கிறது. கடற்கரை உண்டு, பனிமலை உண்டு, பேய் ஓடிவரும் பாழடைந்த பங்களாவும் உண்டு. மாலை வெயிலை மூன்று மணி நேரம் அப்படியே நிறுத்தி வைக்கலாம். ஹெலிகாப்டர் ஷாட்டுக்கு ஹெலிகாப்டர் வேண்டாம். விசா, டிக்கெட், லாட்ஜ் எதுவும் கிடையாது. ஓரளவு நல்ல கம்ப்யூட்டர், நெட் கனெக்‌ஷன், நிறைய பொறுமை. அவ்வளவுதான் லக்கேஜ்.

ஊர் பேர் 'செகண்ட் லைஃப்'. வாங்க, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம். திரும்பி வரும்போது உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் டீம் அதை ரொம்ப லேட்டாகக் கற்றுக்கொண்டது.

மேகமாக இறங்குவீர்கள்!

முதலில் ஊர்ப் பெருமை. அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிலிப் ரோஸ்டேல் தொடங்கிய லிண்டன் லேப் என்ற நிறுவனம், 2003 ஜூன் மாதம் இந்த உலகத்தைத் திறந்தது. இன்றைக்கும் திறந்தே இருக்கிறது. பார்க்க கம்ப்யூட்டர் கேம் மாதிரி தெரியும். ஆனால் சுட வேண்டிய வில்லன் கிடையாது, தாண்ட வேண்டிய லெவல் கிடையாது. நிறுவனம் கொடுப்பது பெரும்பாலும் நிலம், தண்ணீர், வானம். வீடு, மரம், கப்பல், தலையில் வைக்கிற பூ வரைக்கும் மிச்சம் எல்லாம் அங்கே வந்து போகிறவர்களே செய்து வைத்தது.

பேர் பதிய காசு இல்லை. சாஃப்ட்வேரை இறக்கி உள்ளே நுழைந்தால் உங்களுக்கு ஓர் உடம்பு கிடைக்கும். அதற்குப் பேர் 'அவதார்'. நம்ம புராணத்து வார்த்தைதான், வெளிநாடு போய் டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நெட் மந்தமாக இருந்தால் அந்த உடம்பு முழுசாக வந்து சேரும்வரை ஒரு மேகமாக மிதப்பீர்கள். பயப்படாதீங்க, கொஞ்ச நேரத்தில் கை கால் முளைக்கும்.

நிலத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு சதுரம் 256 மீட்டருக்கு 256 மீட்டர், நம்ம கணக்கில் சுமார் 16 ஏக்கர். நடக்கலாம், பறக்கலாம். அலுத்துப்போனால் ஒரே க்ளிக்கில் இன்னொரு தீவில் போய் நிற்கலாம். நீங்கள் சாட்டில் அடிக்கும் வார்த்தை 20 மீட்டருக்குள் இருப்பவர்களுக்குத்தான் கேட்கும். கத்தினால் 100 மீட்டர். அங்கே ஒரு நாள் என்பது வழக்கமாக நம்முடைய 4 மணி நேரம். அதில் 3 மணி நேரம் பகல், 1 மணி நேரம் ராத்திரி. கடிகாரம் மட்டும் கலிஃபோர்னியா நேரம். நாம் காலையில் பல் தேய்க்கும்போது அமெரிக்காக்காரர்கள் ஆபீஸ் விட்டு வந்து அங்கே டான்ஸ் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

காசும் தனிக் காசு. லிண்டன் டாலர் என்று பேர். ஒரு அமெரிக்க டாலருக்குப் பல வருஷமாக 250-ஐ ஒட்டியே கிடைக்கிறது. சட்டை, சைக்கிள், மீசை எல்லாம் அந்தக் காசுக்கு விற்கிறார்கள். சும்மா கிடைப்பதும் ஏராளம். பெரியவர்களுக்கு மட்டும் என்று போர்டு மாட்டிய ஏரியாக்களும் உண்டு. போர்டைப் படித்துவிட்டு நடங்கள்.

ஒன்றே ஒன்றை நினைவில் வையுங்கள். அங்கே சொந்தமாகத் தீவு வைத்திருப்பவர் நிறுவனத்துக்கு மாதாமாதம் நிஜப் பணம் கட்ட வேண்டும். இதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

ஒன்றரை நிமிஷத்தில் ஆரம்பித்த சினிமா

கேமுக்குள்ளோ இந்த மாதிரி உலகத்துக்குள்ளோ நடப்பதை அப்படியே பதிவு செய்து படமாக்குகிற கலைக்கு 'மெஷினிமா' என்று பேர். மெஷினும் சினிமாவும் ஒட்டிப் பிறந்த வார்த்தை. 1996-ல் 'குவேக்' என்ற துப்பாக்கிச் சண்டை கேமுக்குள் 'ரேஞ்சர்ஸ்' என்ற விளையாட்டுக் குழு எடுத்த 'டைரி ஆஃப் எ கேம்பர்' தான் இதற்கு முன்னோடி என்பார்கள். ஓடும் நேரம் ஒன்றரை நிமிஷத்தை ஒட்டித்தான். வசனம்கூட எழுத்தாகத்தான் வரும்.

2003-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் சில நண்பர்கள் 'ஹேலோ' கேமுக்குள் 'ரெட் வெர்சஸ் ப்ளூ' என்ற காமெடி சீரியலை ஆரம்பித்தார்கள். எல்லா கேரக்டருமே முகத்தை மூடிய ஹெல்மெட் சிப்பாய்கள். உதடு அசையவில்லையே என்று யாராவது கேட்க முடியுமா? பேசுகிற ஆள் தலையை ஆட்டினால் போதும். 2024 வரைக்கும் அந்தத் தலை ஆடிக்கொண்டிருந்தது!

சிரிப்புக்கு மட்டும்தானா என்றால் இல்லை. 2005 அக்டோபரில் பாரிஸ் புறநகரில் போலீஸிடமிருந்து தப்ப மின்நிலையத்துக்குள் ஒளிந்த இரண்டு சிறுவர்கள் ஷாக் அடித்து இறந்துபோக, பிரான்ஸ் முழுக்கக் கலவரம் வெடித்தது. டி.வி.யில் எல்லாரும் பேசினார்கள், அந்தப் பகுதிப் பையன்களைத் தவிர. அலெக்ஸ் சான் என்ற 27 வயது டிசைனர், அதுவரை ஒரு படமும் எடுக்காதவர், 'தி மூவிஸ்' என்ற கேமை வைத்து 13 நிமிஷப் படம் ஒன்றைச் செய்தார். பேர் 'தி ஃப்ரெஞ்ச் டெமாக்ரஸி'. அந்த கேமில் பாரிஸ் செட் கிடையாது. நியூயார்க் செட்டையே பாரிஸ் என்று வைத்துக்கொண்டார். கலவரம் அடங்கிய சூட்டிலேயே, நவம்பரில் படம் வெளிவந்து உலகப் பத்திரிகைகளில் செய்தியானது. செட் தப்பு, விஷயம் சரி. 'லொகேஷன் கிடைக்கல மச்சி' என்று சொல்லும் முன் இவரை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு இங்கே, கண் அங்கே

சரி, கேமரா எங்கே? உங்கள் கண்தான் கேமரா. செகண்ட் லைஃபில் உங்கள் அவதார் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டே இருக்கும். நீங்கள் ஆல்ட் கீயை அழுத்தி மவுஸை இழுத்தால் பார்வை மட்டும் உடம்பை விட்டுக் கிளம்பிப் போகும். கூடவே கன்ட்ரோல் கீயையும் சேர்த்து அழுத்தினால் ஓர் ஆளைச் சுற்றி வட்டமடிக்கலாம். முதல் தடவை பண்ணும்போது ஆவி ஆனது போலவே இருக்கும்.

மவுஸில் இழுத்தால் ஷாட் வெடுக் வெடுக்கென்று குதிக்கும். அதனால் சீரியஸாக எடுப்பவர்கள், உருட்டித் திருகுகிற குமிழ் மாதிரியான முப்பரிமாண மவுஸ் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதைப் பிடித்தால் கிரேன் ஷாட் வெண்ணெய் மாதிரி வழுக்கும். நமக்கு அது வேண்டாம் என்றால், கேமராவை அசைக்காமல் ஃபிக்ஸ் பண்ணி எடுங்கள். ஆடுகிற ஷாட்டை விட நிற்கிற ஷாட் மேல்.

வெளிச்சம்? மெனுவில் சூரியோதயம், நடுப்பகல், அஸ்தமனம், நள்ளிரவு என்று வரிசையாக இருக்கிறது. க்ளிக் பண்ணினால் உங்கள் திரையில் வானம் மாறும். பக்கத்தில் நிற்பவருக்கு மதியமாகவே இருக்கும், உங்களுக்கு மட்டும் அந்தி. திரையில் தெரியும் பட்டன்களை எல்லாம் மறைத்துவிட்டு ரெக்கார்டிங்கைத் தட்ட வேண்டியதுதான். 2000-களில் 'ஃப்ராப்ஸ்' என்ற சாஃப்ட்வேர்தான் கதி. ஓசியில் 30 செகண்ட்தான் பதியும், மேலே அவர்கள் பேர் வேறு ஓடும். இப்போது ஓ.பி.எஸ். என்ற இலவச சாஃப்ட்வேரே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பதிந்து தருகிறது, ஹார்டு டிஸ்க்கில் இடம் இருக்கும்வரை. இந்தக் கடைசி வார்த்தையையும் நினைவில் வையுங்கள்.

ஹீரோ தூங்கிட்டார் சார்!

கேமரா ஈஸி, நடிகர்கள்தான் கஷ்டம். அது எங்கேயும் அப்படித்தானே?

ஒவ்வொரு அவதாருக்குப் பின்னாலும் எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கிறார். அவர் சாப்பிடப் போய்விட்டால், கொஞ்ச நேரத்தில் அவதார் நின்ற இடத்திலேயே தலையைத் தொங்கப் போட்டுவிடும். காதல் காட்சி நடுவில் ஹீரோ தலை தொங்கினால் எப்படி இருக்கும்? இன்னொரு கூத்து, யாராவது சாட்டில் டைப் அடித்தால் அவதார் இரண்டு கையையும் தூக்கி ஆகாயத்தில் டைப் அடிக்கும். சோக சீனில் 'அடுத்து நான் என்ன பண்ணணும்?' என்று ஹீரோயின் கேட்டால் அந்த டேக் காலி. அதனால் டைரக்‌ஷன் முழுக்க போனில்தான்.

அழுகை, கட்டிப்பிடித்தல், டீ குடித்தல் எல்லாவற்றுக்கும் தனித்தனி அசைவுகள் உண்டு. வாங்கலாம், நீங்களே செய்யவும் செய்யலாம். முகத்தில் பெரிய உணர்ச்சியை எதிர்பார்க்காதீர்கள். முதுகைக் காட்டி நிற்க வையுங்கள், குரலில் அழுங்கள். பார்ப்பவர்கள் மிச்சத்தை நிரப்பிக்கொள்வார்கள்.

பர்மிஷன் தொல்லை பாதிதான் இல்லை என்றேனே, மிச்சப் பாதி இதோ. அந்த உலகத்துக்கு எழுதி வைத்த விதி இருக்கிறது. நிலத்துக்காரர் அனுமதி கேட்கச் சொல்லியிருந்தால் கேட்க வேண்டும். ஒருவருடைய அவதாரை அடையாளம் தெரியும்படி முக்கியமாகக் காட்டினால் அவருடைய சம்மதம் வேண்டும். கூட்டத்தில் ஒருவராகப் பின்னால் கடந்து போனால் பரவாயில்லை. விதியாக இல்லாவிட்டாலும் கேளுங்கள். பொம்மையைத்தானே படம் பிடிக்கிறோம் என்று நினைத்தால் பொம்மையை ஆட்டுகிறவர் வருத்தப்படுவார்.

கேட்காமல் வந்து சேரும் நடிகர்களும் உண்டு. 2021 லாக்டவுனில் இங்கிலாந்தில் தியேட்டர்கள் மூடிக்கிடந்தபோது, சாம் கிரேன், மார்க் ஊஸ்டர்வீன் என்ற இரண்டு நடிகர்கள் 'ஜி.டி.ஏ. ஆன்லைன்' கேமுக்குள் ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தைப் போட முடிவு செய்தார்கள். வசனம் பேசும்போதே முன்பின் தெரியாதவர்கள் வந்து சுட்டுவிட்டுப் போவார்கள். செத்து, எழுந்து, விட்ட இடத்தில் வசனத்தைத் தொடர்ந்தார்கள். அதையே 'கிராண்ட் தெஃப்ட் ஹாம்லெட்' என்ற டாக்குமென்டரியாக்கி 2024-ல் திரையிட்டார்கள். அதே கொரோனா காலத்தில் ஜோ ஹண்டிங் என்ற இங்கிலாந்து இளைஞர் முழுக்க முழுக்க 'வி.ஆர்.சாட்' உலகத்துக்குள்ளேயே எடுத்த 'வி மெட் இன் வர்ச்சுவல் ரியாலிட்டி' 2022-ல் சன்டான்ஸ் விழா வரைக்கும் போனது.

அவசியம் பார்க்க ரெண்டு படம்

செகண்ட் லைஃபுக்கே திரும்புவோம். போகும் முன் இரண்டு படங்களைத் தேடிப் பாருங்கள். இரண்டும் 2007-ல் வந்தவை.

ஒன்று, 'ராபி டிங்கோ' என்ற அவதார் பேரில் ஒருவர் செய்த 'வாட்ச் தி வேர்ல்ட்(ஸ்)'. வான்கோவின் நட்சத்திர இரவு ஓவியத்தை நீங்கள் காலண்டரிலாவது பார்த்திருப்பீர்கள். அந்த ஓவியத்துக்குள் இருக்கும் கிராமத்தை வீடு வீடாக, மலை மலையாக இவர் கட்டுகிறார். நாம் அதற்குள் நடக்கிறோம், பொழுது சாய்கிறது. கடைசியில் கேமரா சரியான இடத்துக்கு வந்து நின்றதும் கிராமம் ஓவியமாகிவிடுகிறது.

இன்னொன்று, சீனாவின் குவாங்சோவில் பிறந்த கலைஞர் சாவோ ஃபேய் எடுத்த 28 நிமிஷப் படம் 'ஐ.மிரர்'. 'சைனா ட்ரேசி' என்ற தன் அவதாரை அனுப்பி அந்த ஊரில் அலைய விட்டு எடுத்தது. அவள் சந்திக்கிற அழகான இளைஞன், நிஜத்தில் வயதான மனிதர். வெனிஸ் கலைவிழாவில் சீன அரங்கில் அந்தப் படத்தைக் காட்டினார்கள். பிறகு அவர் 2008-ல் செகண்ட் லைஃபுக்குள் 'ஆர்.எம்.பி. சிட்டி' என்று ஒரு நகரத்தையே எழுப்பினார். போய்ப் பார்க்கலாமே என்கிறீர்களா? முடியாது. 2011-லேயே மூடிவிட்டார்கள். மிச்சம் இருப்பது அதை எடுத்த வீடியோக்களும் படங்களும்தான்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் ஆரம்பிக்கிறது.

எங்கள் படகுத்துறை

2020 மார்ச். எங்களுக்குக் கடைசி செமஸ்டர். மகளும் அப்பாவும் ஒரு படகுத்துறையில் பேசிக்கொள்கிற கதை, ஸ்கிரிப்ட் கையில். தூத்துக்குடியில் எடுப்பதாக பிளான். லாக்டவுன் வந்தது. நாலு பேரும் நாலு ஊர். ஒருத்தன் தூத்துக்குடி, ஒருத்தி ஓசூர், ஒருத்தன் மன்னார்குடி, நான் சென்னை. 'விடுடா, அடுத்த ஜென்மத்துல எடுக்கலாம்' என்றான் மன்னார்குடிக்காரன். 'அதுக்கு எதுக்கு அடுத்த ஜென்மம், செகண்ட் லைஃபே இருக்கே' என்றாள் ஓசூர்க்காரி. மொக்கை ஜோக்தான். ஆனால் படம் அங்கேதான் தொடங்கியது.

பத்து நாள் தீவு தீவாக அலைந்து ஒரு துறையைக் கண்டுபிடித்தோம். பாசி பிடித்த பலகை, ஒரு பக்கம் சாய்ந்த படகு, துறை முனையில் ஒரு லாந்தர். நிலத்துக்காரருக்கு எங்களுக்குத் தெரிந்த இங்கிலீஷில் லெட்டர் எழுதினோம். எந்த நாடு, ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. 'தாராளமாக எடுங்கள். முடிந்தால் லாந்தர் ஃப்ரேமில் இருக்கட்டும்' என்று பதில் வந்தது. ஏன் லாந்தர் என்று நாங்கள் கேட்கவில்லை.

மன்னார்குடி லேப்டாப்பில் அந்த உலகம் ஓடவே இல்லை. அதனால் அவன் எடிட்டர் ஆனான். மற்ற மூன்று பேரும் போன் ஹாட்ஸ்பாட்டில் ராத்திரி ராத்திரியாக எடுத்தோம். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு செல்போனில் டப்பிங். தூத்துக்குடிக்காரன்தான் அப்பா. மீன் கூடையைக் கீழே வைக்கிற ஒரு ஷாட்டுக்கு 34 டேக். நிலத்துக்காரர் சில ராத்திரி வந்து, துறையின் மறு முனையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் பார்த்துவிட்டுப் போவார்.

கடைசி ஷாட் ஒன்று பாக்கி. டேட்டா தீர்ந்தது, ஆன்லைன் வைவா வந்தது, தள்ளிப் போட்டோம். ஆகஸ்டில் திரும்பப் போனால் அந்த இடத்துக்குப் போகவே முடியவில்லை. மேப்பைத் திறந்தோம். துறை இருந்த இடத்தில் நீலம் மட்டும்.

அந்த ஷாட் இல்லாமலே 4 நிமிஷத்தில் படத்தை முடித்து, ஒரு காப்பியை அவருக்கு அனுப்பி வைத்தோம். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. வேலை போய்விட்டது, வாடகை கட்ட முடியவில்லை, தீவை விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தார். பலகையும் படகும் அவருடைய பெட்டியில் பத்திரமாக இருக்கிறதாம். ஆனால் மேடு பள்ளம் பார்த்து, தண்ணீர் மட்டம் பார்த்து மூன்று வருஷம் அடுக்கியது போய்விட்டது. லாந்தர்தான் அந்த ஊரில் அவர் முதன்முதலில் செய்து பழகிய பொருள். 'என்னிடம் ஃபோட்டோ இருக்கிறது. தண்ணீர் அசைகிற மாதிரி ஒன்றும் இல்லை. நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய டேக் எல்லாம் இருந்தால் அனுப்ப முடியுமா?' என்று கேட்டிருந்தார்.

34 டேக்கில் 33-ஐ நான்தான் அழித்திருந்தேன். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு ஹார்டு டிஸ்க்கில் இடம் வேண்டியிருந்தது.

படத்தில் அந்தத் துறை தெரிவது 2 நிமிஷம் 40 செகண்ட். லாந்தர் எரிவது 11 செகண்ட். அவரிடம் இருப்பது அவ்வளவுதான். எங்களிடமும் அவ்வளவுதான். எங்கள் படத்தைச் சரியாக முடிக்காத வருத்தம் எனக்குச் சீக்கிரமே போய்விட்டது. அந்த 33 டேக் இன்னும் போகவில்லை.

நிஜ ஊரில் நீங்கள் ஷூட் பண்ணிய தெரு பத்து வருஷம் கழித்தும் ஏதோ ஓர் உருவத்தில் அங்கேயே இருக்கும். அங்கே அப்படி இல்லை. சர்வரில் பட்டனைத் தட்டினால் ஊர் இல்லை. படம் தப்பும் என்றும் நம்ப முடியாது. இந்தக் கலையின் பேரையே வைத்திருந்த 'மெஷினிமா' நிறுவனம், 2019 ஜனவரியில் தன் யூடியூப் சேனலில் இருந்த பழைய வீடியோக்களை எல்லாம் ஒரே நாளில் மறைத்துவிட்டது. அதை மட்டும் நம்பிச் சொந்தக் காப்பி வைக்காமல் விட்டவர்கள் தவித்துப் போனார்கள்.

அதனால் சொல்கிறேன். அந்த ஊருக்குப் போங்கள். முதல் நாள் கதையை எல்லாம் மறந்துவிட்டுச் சும்மா சுற்றுங்கள். பிடித்த இடம் கிடைத்தால், நடிகர்கள் வரும் முன்பே அதைச் சுற்றி நிதானமாக ஐந்து நிமிஷம் பதிவு பண்ணுங்கள். கட்டியவர் யார் என்று பார்த்து இரண்டு வார்த்தை பேசுங்கள். பர்மிஷன் மட்டும் கேட்டால் போதாது, இங்கே உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது என்றும் கேளுங்கள். கடைசி ஷாட்டைத் தள்ளிப் போடாதீர்கள். சொதப்பிய டேக்கையும் இரண்டு இடத்தில் சேர்த்து வையுங்கள்.

உங்கள் படம் ஹிட் ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஆனால் என்றாவது ஒரு நாள், முகம் தெரியாத யாரோ ஒருவர் 'என் ஊர் உங்க கிட்ட இருக்கா?' என்று கேட்டால், 'இருக்கு' என்று சொல்கிற மாதிரி இருங்கள்.

கிளம்புங்க. அங்கே இப்போ எந்த நேரமாக இருந்தால் என்ன, சூரியன் உங்க கையில்தானே இருக்கு!